ஓரத்தில் எழுதியது

பெண்டில் ஹில். ஜனவரி. பகல் இரண்டு மணி.
தார்ச்சாலை அறுபத்தொன்று.
பூங்காச் சறுக்குமரம் எழுபத்து நான்கு.
அந்தப் பூங்காவில்
மரம் என்று பெயருள்ளது அது ஒன்றுதான்.

கவுன்சில் வரைபடத்தில் இந்தத் தெரு
ஆறாத கொப்புளத்தின் நிறம்.
வீட்டுக்கு ஒரு கன்று, இலவசம்,
ஒரு கையெழுத்துப் போதும்.
கன்றென்றால் என் முழங்கால் உயரம்.
இப்போதைக்கு அதன் நிழலில்
ஓர் எறும்பு நின்று மூச்சுவிடலாம்.

பதினாலாம் எண்ணில் யோகமலர்
கம்பிக்கதவைத் திறக்காமலே சொன்னார்:
"இலை கொட்டும், பீலி அடைக்கும்.
வேர் பைப்பை உடைக்கும்.
பிறகு என்ர வெள்ளைக் காம்ரியை
எங்க விடுறது?"

மூன்றும் நியாயம். மூன்றையும் குறித்துக்கொண்டேன்.
'வேண்டாம்' கட்டத்தில் ஒரு கோடு.
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.
குடித்தேன்.

வாசலைத் தாண்டித் திரும்பினால்
எதிர்ச்சாரி, பதினேழாம் எண்,
பட்டை உரிந்து தொங்கும் ஒரு பழைய பேப்பர்பார்க்.
அதன் அடியில், நிழலுக்குள்
முட்டிபோட்டுக் கிடக்கும் மாடுபோல
வெள்ளைக் காம்ரி.

கருவியை நீட்டினேன்.
கூரை நாற்பத்தொன்று.

படிவத்தில் இதற்கென்று கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதினேன்,
பென்சிலால்,
அவரிடம் மறுபடி வரவேண்டிய தேதியோடு.