இடப்பக்கம்

தட்டின் வலப்பாதி காலி.
இடப்பாதியில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும்
கத்தியால் கோடு போட்டதுபோல் அப்படியே.
"இன்னும் கொஞ்சம் வை, பசிக்குது" என்கிறார் ஃபெர்கல்.
டிம்ப்னா தட்டை அரைவட்டம் திருப்புகிறாள்.
"இப்பதான் வந்ததா இது?"
மிச்சத்தையும் சாப்பிடுகிறார்.

மூளையின் வலப்புறம் ஒரு குழாய் அடைத்த காலையில்
அவருடைய இடப்பக்கம் போயிற்று.
இருட்டாகவில்லை, மங்கவில்லை.
இல்லை, அவ்வளவுதான்.
இந்த நொடி உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன நிறம் என்றால்
என்ன சொல்வீர்கள், அதுபோல.
பாதி முகம் மழித்துக்கொள்கிறார்.
மடியில் கிடக்கும் இடக்கையைக் காட்டி
"இது உன்னுதா பாரு,
யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க" என்கிறார் என்னிடம்.

ஃபெர்மனாவின் ஏரிக்கரைச் சாலைகளில்
என் காருக்குள் எப்போதும் ரப்பர் வாடை.
முக்காலித் தடி இரண்டு, மடக்குப் படி ஒன்று,
சிவப்பு டேப் அரைச் சுருள்.
ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு வருகைதான் கணக்கு.
பதின்மூன்றாவது நாள் அந்த நேரத்தில்
வேறொரு பெயர் இருக்கும்.

சிவப்பு டேப்பை நிலைக்கதவின் இடது ஓரத்தில் ஒட்டினேன்,
செய்தித்தாளின் இடது விளிம்பில், தட்டின் விளிம்பில்.
டிம்ப்னாவிடம் சொன்னேன்:
எப்போதும் இடப்பக்கமே உட்காருங்கள்,
அங்கிருந்தே பேசுங்கள்,
திரும்பித்தானே ஆக வேண்டும் அவர்.
தாளில் அச்சடித்துக் குளிர்பெட்டிமேல் ஒட்டியும் வைத்தேன்.
நாற்காலியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுக்கொண்டாள்.
நாய் மட்டும்
இரண்டு முறை மிதிபட்டுவிட்டு
முதல் வாரமே வலப்பக்கம் வந்து படுத்துக்கொண்டது.

'பத்து மீட்டர் துணையின்றி நடத்தல்'
என்று இலக்குத்தாளில் எழுதினேன்.
"மீட்டரை யாரு கேட்டா? கேட்டுக்குப் போகணும்,
மாடு எண்ணணும்" என்றார்.
அடித்துவிட்டு அதை எழுதினேன்.

ஒன்பதாவது வருகை. மழை விட்டிருந்தது.
மூக்கு கால்விரலுக்கு மேலே வரட்டும், இப்போது எழுந்திருங்கள்.
எழுந்தார்.
தடி, கால், மற்றக் கால்.
இடது தோள் நிலையில் இடித்தது, அதற்கு அவர் திட்டவில்லை,
அந்தத் தோளுக்கு வலிப்பது அவருக்கு எட்டவில்லை.
கேட் வரை இருபத்தாறு அடி.
வலக்கையால் கம்பிகளைத் தடவித் தடவி
"கொண்டியே இல்லையே, எவன் கழட்டினான்?"
நாற்பது வருடமாய் அவர் திறந்து மூடும் கேட்.
கொண்டி இடது ஓரத்தில், அதற்கும் அப்பால்
சேற்றில் பூட்ஸோடு டிம்ப்னா.
"ஃபெர்கல். இங்க பாரு. ஃபெர்கல்."
துருப்பிடித்த திருகுபோலக் கழுத்து
கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

கொண்டியைக் கண்டுவிட்டார்.
கொண்டியோடு நின்றுவிட்டது பார்வை.

பதினேழு மாடுகள். இரண்டு முறை எண்ணினார்,
பதினொன்றுதான் வந்தது.
நான் திருத்தவில்லை.

அடுத்த முறை போனபோது
நாற்காலி வலப்பக்கம் இருந்தது.
முழங்கால்கள் தொட உட்கார்ந்திருந்தார்கள்,
நாய் நடுவில் நெருக்கிக்கொண்டு.
நான் வாயைத் திறக்குமுன் டிம்ப்னா சொன்னாள்:
"தெரியும். தாளில் இருக்கு.
அஞ்சு வாரமா இந்த வீட்டில நான் வெறும் சத்தம்.
இன்னைக்கு ஒரு மத்தியானம் விடு."
அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"முடி வெட்டிக்கிட்டியா?" என்றார்.
மூன்று வாரத்துக்கு முந்தைய வெட்டு அது.

குறிப்பேட்டை மூடினேன்.
சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துவந்து
இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன்.
பத்து நிமிடம் அந்த அறையில் நான் இல்லை.
அவர்கள் எருவிலை பேசினார்கள்,
ஒரு தங்கையின் மகனைக் குறை சொன்னார்கள்.
என் முழங்கையை அவர் கை இடித்தது,
வழியில் கிடக்கும் சாமானை ஒதுக்குவதுபோல.

பிறகு மெதுவாகச் சொன்னேன்,
"ஃபெர்கல், எழுந்திருக்கலாமா?"

"யாரது?" என்றார்.
கழுத்து அசைந்தது.