வலப்பக்கம்

ஊட்டியில் இரவு இரண்டு மணிக்கு
சி.டி. இயந்திரத்துக்கு ஹீட்டர்,
எனக்கு மப்ளர்.

கீழ்க்கோத்தகிரியிலிருந்து வண்டி வர மூன்று மணி நேரம்.
மூடுபனி என்றார் ஓட்டுநர்,
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

சீட்டில்: யோகமலர், இருபத்தாறு,
பிரசவமாகி ஒன்பதாம் நாள்.
ஐந்து நாளாய்க் காய்ச்சல்.
பால் கட்டியிருக்கும் என்றார்களாம் வீட்டில்.
ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றினார்கள்,
காய்ச்சல் மாறவில்லை.
அடிவயிறு, வலப்பக்கம், குடல்வால்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அதைப் போட்டவர் டாக்டர் ஷாஹிதா.
கத்தி எடுக்குமுன் ஒரு படம் பார்க்கலாமே என்று
சர்ஜனோடு சண்டையாம்.
கூட வந்த நர்ஸ் சொன்னாள்.

"மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும்,
பயப்படாதீங்க."
எல்லாரிடமும் சொல்வதுதான்.
"சூடுதானே அண்ணா, வரட்டும்."

மூச்சை இழுங்க. அடக்குங்க.
அடக்கினாள்.
வராந்தாவில் யார் கையிலோ இருந்த பிள்ளை
அடக்கவில்லை.
அழுகை கேட்டதும் அவள் அங்கி
இரண்டு இடத்தில் நனைந்தது.
நான் திரையைப் பார்த்தேன்.

முதுகெலும்பை ஒட்டி, வலப்புறம்,
வழக்கமாய்த் தேடித்தான் பிடிக்கவேண்டிய ஒரு சிரை.
அன்று சுண்டுவிரல் பருமன்.
ஓரமெல்லாம் வெளிச்சம், நடுவில் கறுப்பு.
அந்தக் கறுப்பு மேலே போய்ப் போய்
பெருஞ்சிரையின் வாசலில்
தலை நீட்டி நின்றது.
உடைந்தால் அடுத்த நிறுத்தம் நுரையீரல்.

படம் எடுப்பவன் நான்,
பெயர் சொல்லும் உரிமை எனக்கில்லை.
டாக்டர் போஜனை எழுப்பும் உரிமை உண்டு.
தூக்கக் குரலில் உருட்டிப் பார்த்தார்,
தூக்கம் போன குரலில் சொன்னார்:
"குடல்வால் பாவம், சும்மா இருக்கு.
சூலகச் சிரையில ரத்தக்கட்டி.
கத்தி வேண்டாம்."

வயிற்றுத் தோலில் ஊசி, காலை ஒன்று, இரவு ஒன்று.
கட்டியைக் கரைக்கிற மருந்தல்ல அது,
வளராதே என்று நிறுத்திவைக்கிற மருந்து.
கரைப்பது உடம்பு பார்த்துக்கொள்ளும்
அதன் வேகத்தில்.
மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியதாம்.
அவள் கேட்டது ஒரே கேள்வி,
பால் கொடுக்கலாமா.
கொடுக்கலாம்.

பிறகு மூன்று மாதம் மாத்திரை.
ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்க
செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருகிறாளாம்.
எந்த வரிசையில் நின்றாலும் எனக்குத் தெரியாது.
அவள் சிரை நினைவிருக்கிறது,
முகம் இல்லை.

நேற்று சிவப்பு ஸ்வெட்டரில் ஒருத்தி,
தோளில் தூங்கும் பிள்ளையோடு,
ரத்தப் பரிசோதனைக்கு எந்த மாடி என்றாள்.
மாடி இல்லை, இதோ, வலப்பக்கம் என்றேன்.
அவள் திரும்பி நடந்தபிறகு
பெயர் கேட்டிருக்கலாம்.