அடித்தல்

சுருக்கெழுத்தில் ‘ஓடினான்’ என்பது ஒரே இழுப்பு.
மதியத்துக்குள் பதினேழு தடவை
இழுத்துவிட்டேன் இன்றைக்கு.

சார்ஜன்ட் விஜேகோன் சிங்களத்தில் சொன்னார்,
மொழிபெயர்ப்பாளர் எழுந்து தமிழாக்கினார்:
ஜீப் வெளிச்சம் கண்டதும் எதிரி
பின்வேலி பாய்ந்து ஓடினான்.
நாற்பத்தொரு நாள் நெடுந்தீவில்
கருவாட்டுக் கொட்டிலில் ஒளிந்திருந்தான்.
வழக்குத்தொடுநர் அதைப் பிடித்துக்கொண்டார்:
மடியிலே கனமில்லாதவனுக்கு
வழியிலே என்ன பயம், கனம் நீதிபதி அவர்களே?

எதிரி மரியநேசன் றெக்ஸ், முப்பத்தொரு வயது.
குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிறவன்.
கூண்டுக்குள் ஒரு காலில் பாரம் வைத்து நிற்கிறான்.

திருமதி சுபத்திரா அவசரப்படவில்லை.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார்:
உங்கள் ஜீப்பில் நம்பர் தகடு இருந்ததா, சார்ஜன்ட்?
எத்தனை பேர் சீருடையில்?
பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்களா?
அந்த ஒழுங்கையில் அன்றிரவு
வேலி பாய்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர்?

கடைசிக் கேள்விக்கு
மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் திணறினார்.
சார்ஜன்ட் கூரையைப் பார்த்து,
ஏழெட்டுப் பேர் இருக்கும் என்றார்.
மற்றவர்கள் மேல் வழக்கில்லை.

கை எழுதிக்கொண்டுதான் இருந்தது.

அப்பா ஓடவில்லை.
தொண்ணூற்றாறு, ஆடி மாதம்.
பிழை செய்யாதவன் ஏன் ஓடவேணும் என்று
சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு
அரிக்கன் லாம்பைத் தூண்டிவிட்டுக்
கேற்றடியில் நின்றார்.
நின்றதை யாரும் சான்றாக எடுக்கவில்லை.
எந்தப் பதிவிலும் இல்லை அது; தேடியிருக்கிறேன்.

மூன்றேகாலுக்குக் கட்டளை.
ஓட்டத்துக்குக் காரணம் பல; குற்றமனம் அதில் ஒன்று.
எதுவென்று இந்த மன்றால் பிரித்தறிய இயலவில்லை.
குறித்த சாட்சியம் ஏற்கப்படாது.
பதிவிலிருந்து நீக்குக.

யூரி இல்லாத வழக்கு.
கேட்டவரும் அவர்தான், மறக்கவேண்டியவரும் அவர்தான்.
ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.
மறதி அப்படித்தான் தொடங்குமோ, தெரியாது.

எனக்கு வேலை சுலபம்.
ஒவ்வோர் இழுப்பின்மேலும் குறுக்கே ஒன்று.
இதற்கும் அடித்தல் என்றுதான் பெயர்.
நாளைக்குத் தட்டச்சில் செய்யப்போவதற்கும்.
நிலையத்தின் பின்னறையில் நடந்ததாக
அவன் சொல்வதற்கும்.

சுத்தப் பிரதியில் இனி அவன் ஓடியிருக்கமாட்டான்.
ஒரு வியாழன் இரவு ஒழுங்கையில் நிற்பான்,
அடுத்த வரியில்
குறிகாட்டுவான் இறங்குதுறையில் கைதாவான்.
நடுவிலே கடலும் இல்லை,
கருவாட்டு மணமும் இல்லை.

மன்று கலைந்தபோது
அவன் குனிந்து காற்சட்டை விளிம்பை இழுத்துவிட்டான்.
அதற்குள் கண்டுவிட்டேன்.
கணுக்காலுக்கு மேலே முள்ளுக்கம்பித் தழும்பு,
நீளமாய், கொஞ்சம் சரிவாய்,
ஒரே இழுப்பு.