மிச்சக் காசு

அக்கரைப்பற்று – மட்டக்களப்பு. பின்கதவு என்னுடையது.
நாணயம் சேர்ப்போருக்கான கைநூல் ஒன்றை
யாரோ கல்முனையில் சீற்றில் விட்டுப்போனார்.
அட்டை இல்லை. விலை போட்ட கடைசிப் பக்கங்களும் இல்லை.
மிஞ்சியவை சொற்கள்.

அரச சின்னம் உள்ள பக்கம் முகப்பு,
பெறுமதி எழுதியது புறமுகம்.
பதினொரு வருடம் நான் மறுவளமாக நினைத்திருக்கிறேன்:
எண் தெரியும் பக்கம்தான் எனக்கு முகம்.

உருவும் எழுத்தும் இல்லாத வெற்றிடத்துக்கு
வெளி என்று பெயர்.
கீறல் முதலில் அங்கேதான் விழுமாம்.

விளிம்பில் இருக்கும் பற்களுக்கும் ஒரு சொல் இருந்திருக்கும்.
அந்த வரியில் வடை எண்ணெய்.
நெரிசலில், பார்க்காமலே,
ஐந்தையும் இரண்டையும் விரல் பிரிப்பது அதனால்தான்;
பெயர் தெரியாமலே பழகிவிட்டோம்.

சுற்றிவர மூன்று மொழியில் பொறித்திருப்பது வாசகம்.
தேய்க்கிற பெருவிரல் எதையும் வாசிப்பதில்லை.

கழுவாதே என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.
அதற்கு முதல்நாள்தான்
கோட்டைக்கல்லாறு மீன்காரி றஞ்சிதமலர் தந்த
பழைய சதுர ஐந்து சதத்தைக்
கொறுக்காய் போட்டுத் தேய்த்திருந்தேன்.
பளபளவென்று செத்துக் கிடந்தது.

பிறகு கிடைத்தது அந்த இரண்டு ரூபாய்.
சின்னத்தை நிமிர்த்திப் பிடித்துப்
பக்கவாட்டில் திருப்பினால்
மறுபக்கத்து இரண்டு சரிந்து படுத்திருக்கும்,
கடைசிப் பயணத்தில் நான் படுப்பதுபோல.
அச்சுத் திருகல் என்றது நூல்.
விலை, கிழிந்த பக்கங்களோடு போயிருந்தது.
சட்டைப் பையில் தனியே வைத்தேன்.

காத்தான்குடியில் ஏறிய தாதி,
நெஞ்சுப் பட்டியில் நுஸ்கியா என்றிருந்தது.
“ரெண்டு ரூவா மிச்சம்.”
“நாளைக்குத் தாறன் தங்கச்சி.”
“நேத்தும் இதத்தான் சொன்னீங்க.”
பஸ் சிரித்தது.
தோல்பையில் ஐந்தும் பத்தும்தான்.
ஐந்தை நீட்டினேன்.
“கூடுதலா எனக்கு வேணாம்.”

கல்லடிப் பாலம் ஏறும்போது
சட்டைப் பையில் கைவிட்டேன்.
சொல்லலாம் என்று வாய் திறந்தேன்,
முகப்பு, புறமுகம், திருகல் –
அவள் பார்க்காமலே வாங்கிப்
பேர்சில் போட்டுச் சிப்பை இழுத்தாள்.

கைநூலில் பென்சிலால் கோடிட்ட ஒரே சொல்
புழக்கம்.
அதற்கு விளக்கம் எழுதியிருக்கவில்லை.

இப்போது வருகிற ஒவ்வொரு இரண்டு ரூபாயையும்
நிமிர்த்தி, திருப்பிப் பார்க்கிறேன்.
மணி அடிக்கப் பிந்துகிறது, சாரதி ஏசுகிறார்.
ஒருவர் கேட்டார்:
“என்ன, கள்ளக் காசா?”
“இல்ல,” என்றேன், “தெரிஞ்ச காசு.”