நாலு கதவும் ஒரே தடவை

இரவு பத்து முப்பத்தைந்து.
வைத்தியசாலை மருந்தகத்தின் ஷட்டரை இழுத்துவிட்டு
காருக்குள் ஏறி இருக்கிறேன்.
ஸ்டார்ட் பண்ண முன்னமே
வலது கை விரல் கதவில் அந்த ஆளியைத் தடவுகிறது.
அமத்தவா, விடவா?

பூட்டு என்பாள் பஸ்மியா.
மூன்றாம் கட்டையில் வெங்காயம் வாங்க நிறுத்திய நேரம்
பக்கத்துச் சீட்டில் கிடந்த கைப்பை,
அதற்குள் அடையாள அட்டை, மகனின் தடுப்பூசிக் கார்ட்,
பாதி தின்ற தொதல்,
எல்லாம் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போயின.
"தொதலை நினைச்சாத்தான்டி கவலை" என்று சிரித்தாள்.
அன்றிலிருந்து
புருஷன் பக்கத்தில் இருந்தாலும் பூட்டுகிறாள்.

பூட்டாதே என்றார் டிக்சன் மாஸ்டர்,
எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் காட்டியவர்.
தம்பலகாமத்து வாய்க்காலில் ஒரு வான் தலைகீழாய்க் கிடந்ததாம்.
உள்ளே பூட்டு.
கண்ணாடியை உடைக்கக் கல் தேடி
ஓடியவர்களில் அவரும் ஒருவர்.
"வயல் பிள்ளை.
வயலில கல் கிடைக்குமா?"
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.
கியரை மாற்று என்றார்.

இரண்டும் சரி. அதுதான் தொல்லை.

என் விரலுக்கு இன்னொன்றும் தெரியும்.
அப்பாவின் ஏ ஃபோர்ட்டி, எனக்கு எட்டு வயது.
சென்றி வரமுன் பெரிய லைட்டை அணைக்க வேண்டும்,
உள் லைட்டைப் போட வேண்டும்.
இருட்டு ரோட்டில் நாங்கள் மட்டும் வெளிச்சமாய்,
பேக்கரிக் கண்ணாடிக்குள் கேக் மாதிரி,
எல்லோருக்கும் தெரிந்தபடி ஊர்ந்து போவோம்.
ஒருநாள் இடப்பக்கப் பின்கதவு திறக்கவில்லை.
அப்பா பூட்டவில்லை, துருதான் பூட்டியது.
அதை விளங்கப்படுத்த
அவருக்கு நாற்பது நிமிஷம் எடுத்தது.
அடுத்த நாளே கராஜுக்குக் கொண்டுபோய்
நாலு பூட்டையும் கழற்றச் சொன்னார்.
மாரி மழைக்கு அந்த ஓட்டைகளால் தண்ணீர் வரும்.
நான் விரலை விட்டு அடைத்துக்கொண்டு
பள்ளிக்கூடம் போவேன்.

இன்றைக்கு அமத்தவில்லை.
அப்படியே வெளிக்கிட்டேன்.

மைதானத்து மதிலோரம் ஐந்தாறு மான்கள்,
தாரில் இன்னும் பகலின் சூடு இருக்கிறதுபோல,
நடுரோட்டில் படுத்துக் கிடந்தன.
லைட்டுக்குக் கண்கள் பச்சையாய் எரிந்தன.
ஹோர்ன் அடித்தேன்.
ஒன்று காதை ஆட்டியது, அவ்வளவுதான்.

மதில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தார்.
மடித்துக் கட்டிய சாரம், கையில் சிலிசிலுப்பைப் பை.
நேரே காரை நோக்கி.
நான் யோசிக்கவில்லை.

டக்.

நாலு கதவும் ஒரே தடவை.

அவருக்குக் கேட்டுவிட்டது.
நின்றார்.
பையை மெதுவாகக் கீழே வைத்தார்.
இரண்டு கையையும் தோளுயரத்துக்குத் தூக்கினார்,
உள்ளங்கை லைட்டைப் பார்த்தபடி,
விரல்கள் நன்றாய் விரித்தபடி.
தூக்கு என்று யாரும் சொல்லவில்லை.
நான் சொல்லவில்லை.
எங்கே பழகியிருப்பார்?
நான் உள் லைட் போடப் பழகின
அதே ரோட்டில்தான்.

ஒரு கணம்.
பிறகு அவருக்கே வெட்கமாய் வந்திருக்கும்,
தூக்கின கையை வீணாக்காமல்
அப்படியே மான்கள் பக்கம் வீசினார்.
"ஹேய், எழும்புங்கோ, மிஸ் வீட்ட போகட்டும்."
மான்கள் அவசரமில்லாமல் எழும்பின.
ஒன்றின் வாயில் லன்ச் ஷீற் தொங்கியது.

கண்ணாடியை இரண்டு விரலளவு இறக்கினேன்.
"தேங்க்ஸ் அண்ணன்."
பையை எடுத்துக்கொண்டு அவர் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார்.
பைக்குள் என்ன?
பாண் ஒரு றாத்தலாய் இருக்கலாம்.

உப்புவெளி வரை பூட்டியபடிதான் ஓட்டினேன்.
பஸ்மியாவிடம் இதைச் சொல்லமாட்டேன்.
டிக்சன் மாஸ்டரிடமும்.
நாளைக்கு இரவு விரல் என்ன செய்யும் என்று
எனக்கே தெரியாது.

வீட்டு கேற்றுக்கு முன்னால்
எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.
திறந்தாலும் அதே சத்தம்தான் வரும்.

டக்.

பக்கத்து வளவு நாய் ஒருமுறை குரைத்தது.
ஆள் தெரிந்ததும்
நிறுத்திக்கொண்டது.