சுவர்க்கோழி

பகலில் நான் தேங்காய் விலை.
பொள்ளாச்சி மார்க்கெட், பச்சைக்காய், கருப்புக்காய்,
கொப்பரை குவிண்டால் என்ன, பைசா பிசகாது.
ராத்திரியில் சுவர்க்கோழி.
வெள்ளிதோறும் நாலாம் பக்கம், கடைசிப் பத்தி,
அரைச்சாண் அகலம்.
சம்பளம் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான்.

இருபத்தாறு வருஷத்தில்
ஒருத்தர் பேரையும் எழுதியதில்லை.
தாழம்பூ நடிகை என்பேன்.
குதிரைக்குப் பயந்த வீரர் என்பேன்.
ஆனைமலை பஸ் கண்டக்டர்
டிக்கெட் கிழித்துக்கொண்டே
இன்னார் என்று சொல்லிவிடுவார்.
பேர் போட்டிருந்தால் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

சேதி விளைவதெல்லாம் கோபாலபுரம் தாண்டி.
செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
லைட்மேன் வாய் திறக்கமாட்டான்.
கேட்டைக் கடந்து அரை பர்லாங்கில் கள்ளுஷாப்பு,
கப்பைக் கிழங்கு, காரமாக மீன்கறி.
இரண்டாம் குப்பியில் பாஷை மாறும்,
மூன்றாம் குப்பியில் விசுவாசம்.
எனக்குக் குடிப் பழக்கம் இல்லை.
ஆகவே எல்லார் பில்லும் என் தலையில்.
ஆபீஸ் வவுச்சரில் எழுதுவேன்:
"தென்னை வாடல் நோய் விசாரித்த வகையில்
ரூபாய் முப்பத்தெட்டு."

ஒரு மாசி மாதம்
ஆழியாறில் பாட்டு எடுத்தார்கள்.
தாழம்பூவுக்கு மூன்று நாள் வாந்தி.
எலுமிச்சம்பழம் எத்தனை வாங்கினேன் என்று
லாட்ஜ் பையன் விரல் மடக்கிச் சொன்னான்.
முதல்நாள் மீன் கெட்டிருந்தது என்பதையும் சொன்னான்.
நான் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"தாழம்பூ இப்போதெல்லாம் புளிப்பையே தேடுகிறதாம்.
காய்க்குமா என்று
தோட்டக்காரரைத்தான் கேட்க வேண்டும்."

கோவையிலிருந்து ஆசிரியர்
டிரங்கால் போட்டுச் சிரித்தார்.

அடுத்த வாரம் படியேறி வந்தது தாழம்பூ இல்லை.
அவளுக்குத் தலைசீவும் லீலாமணி.
கொழிஞ்சாம்பாறைக்காரி.
சீப்புப் பெட்டியைக் கீழே வைக்காமலே பேசினாள்.
"நான் சொல்லலைன்னு ஒரு வரி போடுங்க சாரே.
யூனிட்ல இனி என்னைச் சேர்க்கமாட்டாங்களாம்."

மறுப்பு போட ஒரு பேர் வேண்டும், அம்மா.
பேரே இல்லாத சேதியில்
யாரை எழுதி யாரை மறுப்பது?
விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.
காபிகூட வரவழைத்தேன்.

"அதுல ஆருக்கும் பேரில்லை, சரி.
என்னை மட்டும் எப்படி சாரே
பேர் சொல்லி விரட்டினாங்க?"

காபி ஆடை கட்டியது.

அன்று கொப்பரையைத் தப்பாக எழுதிவிட்டேன்.
குவிண்டாலுக்கு நூறு ரூபாய் கூடுதல்.
விடிவதற்குள் வாசலில் ஆறு விவசாயிகள்.
மறுநாளே திருத்தம் வந்தது,
முதல் பக்கத்தில், பெட்டி கட்டி,
வருந்துகிறோம் என்று.

பதினோரு வருஷம் கழித்து ஒரு போன்.
"கிட்டுச்சாமி சாருங்களா?
என்னைப் பத்தி எழுதறதையே விட்டுட்டீங்களே.
யாரும் கூப்பிடறதில்லை.
ஏதாச்சும் எழுதுங்க.
பொய்யா இருந்தாலும் பரவாயில்லை."
பின்னால் பிரஷர் குக்கர் விசிலடித்தது.

எழுதினேன். மூன்று வரி,
ஒரு தொழிலதிபர், ஒரு வைர மூக்குத்தி.
ஆனைமலை பஸ்ஸில் அதே கண்டக்டர்
பேப்பரை மடித்து என்னிடம் கேட்டார்:
"யாருங்க இது, தாழம்பூ?"

இப்போது ரிட்டயராகிவிட்டேன்.
மேற்கே கணவாய்க் காற்று வீசும் நாட்களில்
மூச்சு இரைக்கிறது.
அதற்கு மருந்து வாங்க
மாதம் ஒருதரம் பாலக்காடு போகிறேன்.
கொழிஞ்சாம்பாறை ஸ்டாப்புக்கு எதிரே
மாடியில் ஒரு பியூட்டி பார்லர்.
லீலாமணி என்று
தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக எழுதியிருக்கிறது.

அவள்தானா என்று விசாரிக்கவில்லை.
அந்த ஊரில் எத்தனையோ லீலாமணிகள் இருக்கலாம்.
ஜன்னலோரம் உட்கார்ந்து
பலகையை ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கிறேன்,
ப்ரூஃப் பார்ப்பதுபோல்.
பிழை இல்லை.
கண்டக்டர் விசில் கொடுக்கிறார்.