ஒன்றரை சென்டிமீட்டர்

ஜனவரி. வீஷா ஹெசெலில் வெயில்
தகரக் கூரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.
பட்டறைக்குள் மணல் புகாத இடம் ஒன்று உண்டென்றால்
அது மூடிவைத்த கிரீஸ் டப்பா.
அதுவும் சந்தேகம்தான்.

ஃபப்ரீசியோ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்,
எப்போதும் சீறிக்கொண்டு வருபவன்.
"பின்பக்கம் உதைக்குது, வானினா.
மணல்மேட்டு உச்சியில என்னைத் தூக்கி எறியப் பாக்குது.
போன வருஷம் இப்படி இல்ல.
நீ எதையோ மாத்திட்டே."

எதையும் மாற்றவில்லை.
நோட்டில் இருக்கிறது, என் கோணல் கையெழுத்தில்:
அதே ஸ்பிரிங், வளையம் அதே மரையில்,
டயரில் அதே காற்று,
ஆள் ஏறியதும் பின்பக்கம் அமிழ்ந்தது ஒன்பது சென்டிமீட்டர்.
எடை எண்பத்திரண்டு கிலோ.

"இப்ப எவ்வளவு இருப்பே?"
"அதேதான்" என்றான்
ஹெல்மெட் வாரைச் சரிசெய்தபடி.

பின்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க,
ஆக்சில் நடுவிலிருந்து பின்கம்பி வரை ஓர் அளவு.
கீழே இறக்கி அவனை ஏறச் சொன்னேன்,
பூட்ஸ், மார்புக் கவசம், எல்லாவற்றோடும்.
பந்தயத்தில் நிற்பதுபோல் நில்.
இரண்டு முறை அழுத்தி ஆட்டிவிட்டு
மறுபடி டேப்பை வைத்துக் கழித்துப் பார்த்தேன்.

ஏழரை.

"உன் டேப் துருப்பிடிச்சுப் போச்சு" என்றான். "கடல்காத்து."
மறுபடி. ஏழரை.
பக்கத்துப் பட்டறை நெரெயோ தன் டேப்போடு வந்தான்.
ஏழரை.
"அதுவும் இதே கடற்கரையிலதான இருக்கு" என்றான் ஃபப்ரீசியோ.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு மூவரும் சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.

ஸ்பிரிங்குக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று
சொல்ல நினைத்தேன். அது சரியில்லை.
ஸ்பிரிங்குக்கு எதுவுமே தெரியாது.
மேலே யார் என்று கேட்காது,
வருகிற கனத்துக்கு வளைந்து கொடுத்து
மிச்சத்தை முதுகிலேயே திருப்பித் தரும்.
எனக்குத்தான் கண் போனது,
கவசத்தின் வாரில் புதிதாக ஒரு துளை,
ஆணியால் குத்தியது, விளிம்பு பிசிறிக் கிடந்தது.
நீட்டிய மாத்தேயைப் பாதி உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தந்தான்.
மாத்தேயைப் பாதியில் வைக்கிறவன் இல்லை அவன்.

கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்தேன்.
நெடுநேரம் தேய்த்தேன், தேவைக்கு மேல்.
கொக்கிச் சாவியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு,
பூட்டு வளையம் விட்டது.
அழுத்த வளையம் எஞ்சிய மணலை அரைத்தபடி
ஒரு சுற்று,
இன்னொன்று,
மூன்று.
சக்கரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் என்பது
ஷாக்கில் அரை சென்டிமீட்டர்,
என் கட்டைவிரல் நகத்தில் பாதி.
அதற்குள்தான் எத்தனை கிலோ.

வால் தாழ்ந்தால் மூக்கு நிமிரும்,
கைப்பிடி நிலத்தை மறந்துவிடும்.
முன் ஸ்பிரிங் இரண்டையும் அதே அளவு தளர்த்தினேன்.
அடியில் உள்ள திருகில் இரண்டு சொடுக்கு திறந்தேன்,
அமிழ்ந்த பின்பக்கம்
அடுத்த அலைக்கு முன் எழுந்துவிடட்டும் என்று.
ஏறச் சொன்னேன். ஒன்பது.

தெருக்கோடி தாண்டி, பைன் மரங்கள் தாண்டிப் போனான்.
எஞ்சின் சத்தம் மேடேறுவது கேட்டது,
உச்சியில் ஒரு நொடி அறுந்தது,
பிறகு இறங்கியது.
நெரெயோ அதுவரை சிகரெட் பற்றவைக்காமல் நின்றிருந்தான்.

"உதைக்கல" என்றான் வந்து.
எஞ்சினை அணைக்காமல், என்னைப் பார்க்காமல்:
"அந்த மூணு சுத்தையும் குறிச்சு வை.
திரும்ப இறுக்க வேண்டிவரும்."
மரையில் வெள்ளைப் பெயிண்ட் பொட்டு
முன்பே வைத்திருந்தேன்.

நோட்டில் எடைக்கு நேரே ஒரு கோடு மட்டும்.
கூலியை முழுதாக வாங்கினேன், சில்லறை வரை எண்ணி.
பத்து பெசோ குறைத்திருந்தாலும்
நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்திருப்பான்.